ஒரு மேளச் சமாவை வாங்குவது

யாழ்ப்பாணத்துக் கடையொன்றில் அண்ணை இரண்டு உறைகளை எடுத்து வைத்தார். இரண்டிலும் இணுவிலில் பிறந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தி. ஒன்று, வெட்டித் துப்புரவாக்கிய தனி ஆவர்த்தனங்கள். தவில் பிரியர் பலரும் கேட்டுப் பழகியவை. மற்றது, கோயில் திருவிழாவொன்றில் யாரோ ஒரு ரசிகர் ரேப்பில் பிடித்த முழு மேளச் சமா, இரண்டு சீடி. ஊர், ஆண்டு எதுவும் உறையில் இல்லை.

"சத்தம் அவ்வளவு திறமில்லை, தம்பி. யோசிச்சு எடுங்கோ."

"ஒருக்கால் போட்டுக் காட்டுங்கோ, அண்ணை."

முதலில் வந்தது இரைச்சல்தான். தவில் பதிவுக்கு எளிதில் அடங்காத வாத்தியம். பலாமரக் கூட்டின் வலந்தலையில் விரற்கூடுகள் விழும். தொப்பியில் பூவரசங் கழி விழும். இரண்டு அடியும் ஊசிமுனைபோல் எழுந்து உடனே அடங்கும். ஒலியளவைத் தானே சரிசெய்யும் றெக்கோடராக இருந்தால், பலத்த அடி ஒன்று விழுந்ததும் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். பின்னால் வரும் மெல்லிய சொற்கள் காணாமற் போகும். கசெற்றிலிருந்து கசெற்றுக்குப் பிரதி எடுக்க எடுக்க, வலந்தலையின் கூர் மழுங்கிக்கொண்டே வரும்.

வேகத்தையும் பார்க்கவேண்டும். பிரதி எடுக்கையில் மூலக் கசெற் விரைந்து ஓடியிருந்தால், வித்துவானின் கையும் இல்லாத வேகம் காட்டும். வேகத்துக்கே பேர்போன ஒருவரின் பதிவில் இது பெரிய ஏமாற்று. நான் நாதஸ்வரத்தின் சுருதியைப் பிடித்துப் பார்ப்பேன். பாரி நாயனம் இரண்டு, இரண்டரைக் கட்டையில் நின்றால் நம்பலாம். இது இரண்டரையில் நின்றது. அப்போதே பாதி மனம் சாய்ந்துவிட்டது.

மீதியைச் சாய்த்தது தனி அல்ல. நாதஸ்வரம் தொடங்குமுன் வரும் அலாரிப்பு; பிறகு, கீர்த்தனைக்குள் அவர் அடிக்காமல் விடும் இடங்கள். சங்கதி வளர்கிற நேரத்தில் தவில் ஒதுங்கி நிற்கிறது. வரி முடிகிற இடத்தில் தொப்பியில் ஒரே ஒரு அடி. வெட்டிய தனியில் கணக்கு இருக்கும், கை இருக்கும். இந்தப் பொறுமை இருக்காது. எனக்கு அவருடைய பெருமை இங்கேதான் விளங்குகிறது.

1933இல் பிறந்து 1975இலேயே போய்விட்டவர். அவரைப் பற்றிய அம்ஷன் குமாரின் ஆவணப்படம் இந்தியாவின் தேசிய விருது பெற்றபின், அவரைக் கேட்டிராத இளையவர்களும் தேடுகிறார்கள். அவர்களுக்கும் முழுச் சமாவையே கொடுப்பேன். இரைச்சல் ஒரு பொருட்டல்ல: தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மின்சாரமில்லாமல், பற்றரிக்கும் தடை இருந்தபோது, சைக்கிள் டைனமோவைச் சுழற்றிப் பாட்டுக் கேட்ட ஊர் இது. 1995 இடப்பெயர்வில் எத்தனை வீட்டுக் கசெற் பெட்டிகள் அழிந்தனவோ! தப்பி வந்த ஒன்றை இரைச்சலுக்காகத் தள்ளிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

வாங்கிவிட்டேன். இரண்டாம் சீடியில், தனி உச்சத்துக்கு ஏறும் இடத்தில் ரேப் முடிந்துவிடுகிறது. பிடித்தவர் அவசரமாக மாற்றியிருக்கவேண்டும். சில நொடி வெறுமை. சதுஸ்ரத்தில் போனவர், திரும்பி வரும்போது கண்டத்தில் நிற்கிறார்; சனம் ஆரவாரிக்கிறது. எந்த வழியாக அங்கே போனார் என்று தொடையில் தாளம் போட்டபடி ஒவ்வோர் இரவும் அந்த இடத்தைத் திரும்பப் போட்டுக் கேட்கிறேன்.