ஒண்ணு முடியறதுக்குள்ள இன்னொண்ணு

எந்த நேரம் வந்து கேட்டாலும் நான் நாலைந்து புத்தகம் படித்துக்கொண்டிருப்பேன். ஒன்றை முடித்துவிட்டு அடுத்தது என்கிற பழக்கமே எனக்குக் கிடையாது. எல்லாம் ஒன்றாக ஓடும். அந்தச் சுகம் இருக்கிறதே, சொல்லி மாளாது!

"இன்னாக்கா, நேத்து பச்சை அட்டை வெச்சினு இருந்தே, இன்னிக்கு செவப்பு அட்டை. எதனா ஒண்ணை முடிச்சாதான் இன்னா?" என்பாள் கம்பெனி வண்டியில் என் பக்கத்தில் உட்காருகிற பெண். முடிக்கலாம்தான். என்ன அவசரம் என்கிறேன்.

எனக்குப் பள்ளிகொண்டா. ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. வீட்டில் இரண்டு பிள்ளைகள், அத்தை, அவர். எங்கள் ஊர் உத்தர ரங்கநாதர் பாலாற்றங்கரையில் காலகாலமாகப் படுத்தே இருக்கிறார். அந்த ஓய்வில் துளி எனக்குக் கிடைத்தால் நூலகத்தையே காலி செய்துவிடுவேன். எனக்கு நேரம் துண்டு துண்டாகத்தான் வரும். ஆனால் எல்லாத் துண்டும் ஒரே மாதிரி இருக்காது. சாதம் வேகிற நேரத்தில் மனசு ஒரு மாதிரி, மாதனூரைத் தாண்டுகிற வண்டியில் ஒரு மாதிரி, பிள்ளைகள் தூங்கி விளக்கணைத்த பிறகு வேறு மாதிரி. இத்தனைக்கும் ஒரே புத்தகம் எப்படி ஒத்துவரும்?

அடுப்படிக்கு எப்போதும் கல்கிதான். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரா வாரம் பத்திரிகையில் வந்த கதை. ஐந்து பாகம் என்று மிரள வேண்டாம். அடுத்த வாரம் வரை வாசகரைக் கட்டிப்போட எழுதியதால் அத்தியாயங்கள் சின்னது சின்னதாக இருக்கும், முடிகிற இடத்தில் யாராவது ஒருவர் இருட்டில் நின்றுகொண்டிருப்பார். குக்கர் விசில் அடங்குவதற்குள் ஓர் அத்தியாயம் ஆகிவிடும். என் பிரதியில் மஞ்சள் கறை படாத பக்கம் குறைவு. பழுவேட்டரையர் வருகிற ஓரிடத்தில் தாளித்த கடுகு ஒன்று நசுங்கி ஒட்டியிருக்கிறது. அதைச் சுரண்டி எடுக்க எனக்கு மனசே வரவில்லை.

வண்டியில் அழகிய பெரியவன். பேரணாம்பட்டுக்காரர், எங்கள் மண். 'தகப்பன் கொடி'யில் நிலமும் சாதியும் மோதுகிற பக்கங்களைப் படித்துக்கொண்டிருக்கும்போது பின்சீட்டில் இரண்டு பேர் சத்தமாகப் பேசுவார்கள். புத்தகத்துப் பேச்சு எது, பின்சீட்டுப் பேச்சு எது என்று ஒரு கணம் குழம்பிப்போகும். இப்படி நம் வாய்ப்பேச்சை அச்சில் பார்க்கிற சந்தோஷம் இருக்கிறதே, கம்பெனி வாசலில் இறங்கவே தோன்றாது.

ஞாயிறு மதியம் உ.வே.சா.வின் 'என் சரித்திரம்'. இதை அவசரமாகப் படிக்கிறவர்கள் பாவம் செய்கிறவர்கள். 1940இல் ஆனந்த விகடனில் தொடங்கி, 1942இல் அவர் காலமானதும் பாதியில் நின்றுபோனது. எழுதியவரே முடிக்காத புத்தகம் அது; நான் முடிக்கவில்லை என்று யார் குறை சொல்ல முடியும்? அதில் வருகிற அவர் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பாருங்கள். ஒரு பக்கம் தலபுராணத்துக்குச் செய்யுள் சொல்லி எழுதவைப்பார், இன்னொரு பக்கம் மாணவர்களுக்குப் பாடம் நடக்கும். அவரிடம் போய், 'ஐயா, ஒரு நேரத்தில் ஒன்றைப் பாருங்கள்' என்று சொல்ல யாருக்குத் தைரியம் வந்திருக்கும்?

ராத்திரிக்குப் புதுமைப்பித்தன். அவர் எழுத்து நாட்டுடைமை ஆனதால் காசில்லாமல் செல்போனிலேயே கிடைக்கிறது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்கிற இணைய நூலகத்தின் புண்ணியம். போர்வைக்குள் வெளிச்சத்தைக் குறைத்துவைத்துக்கொண்டு 'காஞ்சனை' படித்துவிட்டு, பின்கட்டுக்குப் போக அவரை எழுப்பினேன். "பயமா இருக்கும்னு தெரிஞ்சும் ஏன் படிக்கிற?" என்றார். பயப்படத்தான் படிக்கிறேன், வேறெதற்கு?

இதற்கு நடுவில் சின்னவளுக்கு வாசித்துக்காட்டும் வாண்டுமாமாவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் சேர்க்கிறேன்.

கதை கதையோடு கலந்துவிடாதா என்று கேட்பவர்களை எங்கள் அத்தையிடம் அனுப்பிவைக்கிறேன். சாயங்காலம் தொடங்கி ராத்திரி வரை வரிசையாக சீரியல் பார்க்கிறவர் அவர். எந்த மருமகள் எந்த வீட்டில் அழுகிறாள் என்பதில் ஒருநாளும் தடுமாறியதில்லை. அவரிடம் யாரும், "ஒரு சீரியலை முடிச்சிட்டு அடுத்ததைப் பாருங்க" என்று சொல்வதில்லை. புத்தகத்துக்கு மட்டும் ஏன் இந்தக் கட்டுப்பாடு?

யோசித்துப் பார்த்தால் நம் வீட்டுப் பெண்கள் என்றைக்குமே இப்படித்தான் படித்திருக்கிறார்கள். வை.மு.கோதைநாயகி அம்மாள் 1925இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையைக் கையில் எடுத்த காலத்திலிருந்தே நாவல் என்பது நமக்குத் தவணையில் வந்த சாமான். என் அம்மா சிவசங்கரி ஒரு பத்திரிகையில், இந்துமதி இன்னொன்றில், சுஜாதா வேறொன்றில் என்று ஒரே வாரத்தில் எல்லாரையும் படித்தவர். பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டிங் செய்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். இப்போது அது என்னிடம். ஜெயராஜ் வரைந்த பெண்ணைத் திருப்பினால் பின்பக்கம் பாதியில் அறுந்த ஜோக், தலைவலி மருந்து விளம்பரம், வேறு யாரோ எழுதிய கதையின் வால். எனக்கு அந்த வால்கள் ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் இந்தப் படிப்பின் உச்சமான இன்பம் வேறு. புத்தகங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஆரம்பிக்கும்! கல்கியின் வந்தியத்தேவன் வாணர் குலத்தவன். வாணர்களின் கல்வெட்டுகள் கிடைத்த திருவல்லம் எங்கள் பக்கம்தான். 949இல் சோழ இளவரசன் இராஜாதித்தன் யானைமேல் மடிந்த தக்கோலம் அரக்கோணத்துக்குப் பக்கம். அதே வாரத்தில் நான் மு.வ.வின் 'அகல் விளக்கை'யும் எடுத்திருந்தேன். 1961இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். மு.வ.வும் பழைய வட ஆர்க்காட்டுக்காரர். கதையில் வாலாசாவும் பாலாறும் வருகின்றன. வண்டியிலோ அழகிய பெரியவன். ஆக ஒரே வாரம், ஒரே பாலாற்றுச் சீமை, மூன்று பேர் மூன்று விதமாகக் காட்டுகிறார்கள். ஒருவர் அரசர்களை, ஒருவர் படித்த நடுத்தரக் குடும்பத்தை, ஒருவர் நிலம் பறிபோனவர்களை. நாள் முழுக்கத் தோலில் ஊசி ஏற்றுகிறவள் நான். வந்தியத்தேவன் குதிரையின் சேணத்தை யார் தைத்தது, அந்தத் தோலை யார் பதப்படுத்தியது என்று அன்றைக்குத்தான் எனக்குக் கேட்கத் தோன்றியது. கல்கி அதைச் சொல்லவில்லை. அடுத்தடுத்து வருஷக்கணக்கில் படித்திருந்தால் இந்தக் கேள்வி எனக்கு வந்தே இருக்காது.

எல்லாப் புத்தகத்தையும் இப்படிக் கூட்டுச் சேர்க்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ராஜேஷ்குமார் கையில் வந்தால் மற்ற எல்லாரும் ஓரம் போக வேண்டியதுதான். கொலைகாரன் யார் என்று தெரியாமல் சாம்பார் இறக்க முடியாது. அன்றைக்கு அடிபிடித்த சாம்பார்தான்.

அடையாளத்துக்குப் புத்தகத்துக்கு ஒன்றாக வைத்திருக்கிறேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கொடுக்கிற கட்டணமில்லா டிக்கெட், தீர்ந்த மாத்திரை அட்டை, பெரியவனின் பழைய ஐடி கார்டு கயிறு. பக்க முனையை மடிப்பவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. விரலில் கம்பெனியில் ஷூ ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை லேசில் போகாது. அதனால் நூலகப் புத்தகத்தைத் தொடுவதற்கு முன்னால் தேங்காயெண்ணெய் தேய்த்து, சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் தொடுவேன்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது அதில் நாலாவது. எங்களைப் போன்ற தாய்மார்களை மனசில் வைத்துத்தான் எழுதினாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். நாட்டுக்கே முன்னோடியாக 1948இல் இங்கே பொது நூலகச் சட்டம் வந்தது.

உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், அந்தச் சட்டப்படி நூலக வரி என்று தனியாக ஒரு தொகை இருக்கும். பணம் ஏற்கெனவே கட்டியாயிற்று. இந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடாமல் உறுப்பினராகச் சேருங்கள். எடுக்கும்போது ஒன்றோடு நிறுத்தாதீர்கள், அடுப்படிக்கு ஒன்று, பஸ்ஸுக்கு ஒன்று.