பெயர் பெற்ற பொருளும் பெயர் பெறா உணர்வும்

சங்க மலர்களுக்கு வரும் சிறுகதைகளைப் படிக்குந்தோறும் ஒரு குறை நம்மை உறுத்துகிறது. 'சொல்லொணாத் துயரம்', 'இனம் புரியாத ஏக்கம்', 'நெஞ்சைப் பிழியும் வேதனை' என்று உணர்வுகளுக்கெல்லாம் பெயர் இருக்கிறது. அவ்வேதனைக்கு ஆளானவர் அமர்ந்திருப்பதோ 'ஒரு மரத்தடி'. அவர் காதில் விழுவது 'ஏதோ ஒரு பறவையின்' குரல். வேம்பா, புன்னையா? குயிலா, செம்போத்தா? எழுதியவருக்கே தெரியாது போலும். சொல்லொணாதது என்று கூறிவிட்டு அதையே இரண்டு பக்கம் சொல்லும் வேடிக்கையும் உண்டு.

நம் பழைய இலக்கணம் இப்படிக் கற்பிக்கவில்லை. அகப்பாட்டின் பொருளைத் தொல்காப்பியம் முதல், கரு, உரி என வகுக்கிறது. பிரிவு, இரங்கல் போன்றவை உரி. மரமும் புள்ளும் உணவும் பறையும் தொழிலும் கரு. மெய்ப்பாட்டியலில் அச்சத்தைப் பற்றிக் கூற வரும்போது அணங்கு, விலங்கு, கள்வர், அரசன் என்று அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கினைச் சுட்டுகிறார் ஆசிரியர். அச்சத்தின் இலக்கணமே அஞ்சப்படுவனவற்றின் பெயர்களாக நிற்கிறது!

இக்காலக் கதையில் இதற்குச் சான்று தேடினால் கி. ராஜநாராயணனின் 'கதவு' முதலில் நினைவுக்கு வருகிறது. ஏழை வீட்டுக் குழந்தைகள் கதவில் ஏறி நின்று பஸ் விளையாட்டு விளையாடுகின்றனர். பயணச்சீட்டும் உண்டு, போகும் ஊரும் உண்டு. தீர்வை பாக்கிக்காகத் தலையாரி வந்து அக்கதவைக் கழற்றிக்கொண்டு போகிறான். கதவில்லாத வீட்டில் வாடைக்காற்று புகுகிறது, கைக்குழந்தை இறக்கிறது. பின்னொரு நாள் சாவடியின் பின்புறம் கிடக்கும் கதவைக் கண்டுபிடித்த பிள்ளைகள் அதிலுள்ள கறையானைத் தட்டித் துடைத்துத் தடவிப் பார்க்கின்றனர். அவர்தம் துயரத்துக்கு ஆசிரியர் பெயர் சூட்டவில்லை. சூட்டியிருந்தால் நாம் அப்பெயரைப் படித்துவிட்டு அடுத்த கதைக்குப் போயிருப்போம். கதவு ஒன்றே போதுமானதாயிற்று. கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்து 1982இல் அகராதி வெளியிட்டவர், இக்கதைக்குத் தேர்ந்த சொல் எல்லார்க்கும் தெரிந்த எளிய சொல் என்பதையும் கருத வேண்டும். அரிய சொல்லன்று, உரிய சொல்லே வேண்டுவது.

இதை உணராமல் அம்மி, உரல், உறி, முறம் என்று அடுக்குவோரும் நம்மிடை உளர். அது பாத்திரக்கடைப் பட்டியல். உறியில் எவருடைய கையும் எட்டிப் படாதவரை அது கதைக்குள் வந்ததாகாது.

உணர்வைப் பெயரிட்டுச் சொல்லுவதே குற்றமா எனின், அன்று. தில்லித் தமிழரை நன்கறிந்து எழுதி 1987இல் மறைந்த ஆதவன் இதற்கு விலக்கு. 'என் பெயர் ராமசேஷன்' நாவலின் நாயகன் தன் உணர்வு ஒவ்வொன்றையும் கூறுபோட்டுப் பெயரிடுகிறான். பெயரிட்ட மறுகணமே அது மெய்யா, வேடமா என்று ஐயுறுகிறான். அங்கே பெயரே கதைப்பொருளாகிவிடுகிறது. இது எளிதில் பின்பற்றத்தக்க வழியன்று. பின்பற்றியோர் பலர் ஐயத்தை விடுத்துப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

ஆதவனிடம் நாம் கற்க வேண்டியது வேறொன்று. 'காகித மலர்கள்' நாவலில் அவர் தாம் வாழ்ந்த தில்லியையே எழுதினார். நம்மவரோ மும்பையில் முப்பது ஆண்டு வாழ்ந்தும் கதையில் திண்ணையையும் கிணற்றடியையும் விட்டு வெளியே வருவதில்லை. சாலின் பொதுக்குழாயில் விடியலுக்கு முன் குடம் வைத்துக் காத்திருந்த அன்னையர் எத்தனை பேர்! அவர்தம் பிள்ளைகள் அந்தக் குழாயை மறந்து, தாம் கண்டிராத கிணற்றை வருணிக்கின்றனர். திண்ணை அறியாத பேரக்குழந்தைகள் அக்கதையில் தங்கள் பாட்டியைக் காண்பது எங்ஙனம்? ஊரில் வாழ்ந்த வாழ்வுக்குப் பெயர்கள் உள்ளன. இங்கு வாழ்ந்த வாழ்வு பெயரின்றிக் கழிகிறது.

தமிழ்ப் பெயர் இல்லையே என்ற தயக்கம் ஒரு காரணமாகலாம். தில்லியில் குளிர் தொடங்குமுன் ரஜாயை மொட்டைமாடியில் உதறி வெயிலில் விரித்துவிட்டு, அதன் அருகிலேயே அமர்ந்து ஊருக்குக் கடிதம் எழுதும் மூதாட்டியை நாம் கண்டிருக்கிறோம். அவர் அதை ரஜாய் என்றுதான் சொல்லுவார். கதையிலும் அவர் அவ்வாறே சொல்லட்டும். கடிதத்தில் என்ன எழுதினார் என்பதை ஆசிரியர் சொல்லாமல் விட்டாலும் நமக்குக் குறையில்லை.