போகரும் பறங்கிப்பட்டையும்

"சீன மருத்துவமே நம்ம போகர் போய்ச் சொல்லிக்கொடுத்ததுதான்." போன மாசம் எங்க குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு வீடியோவின் சாரம் இது. ஆதாரமாகக் காட்டுவது போகர் 7000. அதில் போகர் சீன தேசம் போய்வந்ததாகப் பாடல்கள் இருப்பது உண்மைதான். ஆனா அந்தப் பாடல்கள் எந்தக் காலத்தவை என்ற கேள்வியை வீடியோ தொடவே இல்லை. "ஐயாயிரம் வருஷம்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்க பெரிய நூலகம் எல்லாம் வேண்டாம். கள்ளக்குறிச்சியில் ஏதாவது ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போய், பறங்கிப்பட்டை நூறு கிராம் கேளுங்க. கட்டிக் கொடுப்பாங்க. பெயர்தான் பட்டை, உண்மையில் அது கிழங்கு. தாவரப் பெயர் ஸ்மைலாக்ஸ் சைனா. சித்த மருத்துவத்தில் மேகநோய்க்கும் தோல் நோய்களுக்கும் பறங்கிப்பட்டைச் சூரணம் கொடுப்பது இன்றும் சாதாரணம்.

இது சீனச் சரக்கு. இந்தியில் 'சோப்சீனி' என்பார்கள்; பாரசீகத்தில் 'சீன மரம்' என்று பொருள். 16ஆம் நூற்றாண்டில் மேகப்புண்ணுக்கு மருந்தாகப் போர்ச்சுகீசிய வணிகம் இதை ஊர் ஊராகக் கொண்டுபோனது. ஐரோப்பாவில் வெசாலியஸ் 1546இல் இந்த வேரைப் பற்றியே ஒரு கடித நூல் வெளியிட்டார். கோவாவில் இருந்த கார்சியா த ஓர்த்தா 1563இல் அச்சான தன் நூலில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். தமிழில் இதன் பெயரிலேயே பறங்கி ஒட்டிக்கொண்டிருக்கிறான். நம்ம கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி கடைசியில் வெள்ளாற்றோடு சேர்ந்து கடலில் கலக்கும் ஊரும் பறங்கிப்பேட்டைதான்.

சித்தர்கள் பெயரில் வழங்கும் மருந்துப் பாடல்களில் பறங்கிப்பட்டை வருகிறது. அப்படி வரும் பாடல் 1498க்கு முன்னால் எழுதப்பட்டிருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. லாக் ஃபைலில் தேதி அழிந்துபோனாலும், உள்ளே இருக்கும் வெர்ஷன் நம்பரை வைத்துக் காலத்தைப் பிடிப்போம் இல்லையா? அதே வேலைதான். ஒரு பாடல் பிந்தியது என்பதால் முழு மரபும் பிந்தியது ஆகிவிடாது. பல அடுக்காகச் சேர்ந்திருக்கலாம். ஆனா மொத்தத்துக்கும் ஒரே முத்திரை குத்த முடியாது.

எதிர்த்திசையிலும் சரக்கு போயிருக்கிறது. கல்வராயன் மலை மக்கள் பொறுக்கி விற்கும் கடுக்காயையே எடுத்துக்குவோம். 659இல் தாங் அரசு தொகுத்த மருந்து நூலில் இது 'ஹெலிலெ' என்று இருக்கிறது. ஹரீதகி, பாரசீக ஹலீலா என்ற பெயர்களின் உறவு அது. இந்த மலைக் காயே அங்கே போனது என்று நான் சொல்ல வரவில்லை. சீனர்கள் வெளியிலிருந்து வாங்கிய மருந்தை, வாங்கிய பெயரோடயே எழுதி வைத்தார்கள் என்பதுதான் விஷயம்.

இன்னொன்று கவனியுங்க. நாம கடுக்காயை மலம் இளகச் சாப்பிடுகிறோம். சீனத்தில் நாள்பட்ட வயிற்றுப்போக்கை நிறுத்தக் கொடுக்கிறார்கள். இரண்டுமே பழைய மரபு. எது, எந்த அளவில், யாருக்குச் சரி என்று வயசு சொல்லாது, சோதனைதான் சொல்லும். தூ யூயூ செய்தது அதுதான். 4ஆம் நூற்றாண்டு நூலில் ஒரு மூலிகையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்ததைப் பார்த்து, சூடு மருந்தைக் கெடுக்குதோ என்று சந்தேகப்பட்டார். 1971இல் குறைந்த வெப்பத்தில் சாறு எடுத்து எலிகளில் சோதித்தார். மலேரியாவுக்கு ஆர்டிமிசினின் கிடைத்தது, 2015இல் நோபல். பழைய நூல் அவருக்குக் கேள்வியைக் கொடுத்தது. பதிலைச் சோதனைதான் கொடுத்தது.

இவ்வளவு மெனக்கெட்டு எழுதக் காரணம் எங்க பெரியப்பா. "ஐயாயிரம் வருஷ வைத்தியம், பக்கவிளைவே கிடையாது" என்று இதே மாதிரி ஒரு வீடியோவை நம்பி, சர்க்கரை மாத்திரையை நாலு மாசம் நிறுத்தினார். காலில் வந்த புண் ஆறவில்லை. ஒரு விரலை எடுக்க வேண்டியதாச்சு. அவர் சித்த மருத்துவரிடமும் போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்; போயிருந்தால் முதலில் சர்க்கரை அளவைத்தான் கேட்டிருப்பார்.

போகர் சீனா போனாரா இல்லையா என்று இன்னும் பல வருஷம் பேசலாம், தப்பில்லை. அந்தப் பேச்சை மருந்துச் சீட்டாக ஆக்காமல் இருந்தால் போதும்.