ஒவ்வொன்றாய்க் குறையும் எண்

2005-இல் இயங்கத் தொடங்கிய ஸீ-மீ-வீ 4 கடலடிக் கேபிள் சென்னையில் கரையேறுகிறது, கொழும்பில் கரையேறுகிறது, நம் மலாக்காவிலும் கரையேறுகிறது. இணையத்தின் வழிகளை ரசிக்க மலாக்காக்காரர்களுக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

ஜாசினிலோ மெர்லிமாவிலோ வீட்டுக் கணினியில் விண்டோஸின் கட்டளைத் திரையைத் திறந்து, ‘டிரேசர்ட்’ என்ற கட்டளையோடு சென்னைக் கல்லூரி ஒன்றின் இணைய முகவரியை அடியுங்கள். வரிவரியாக விழுபவை நடுவே இருக்கும் ரூட்டர்கள். முதலில் நேரத்தைப் பாருங்கள். சென்னை இங்கிருந்து நேர்க்கோட்டில் சுமார் 2,700 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி மில்லி விநாடிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர்தான் ஓடும். போய்வர 27 மில்லி விநாடிக்குக் குறையாது. குறைந்தால், அந்தத் தளம் சென்னையில் இல்லை!

இந்தப் பட்டியல் கிடைப்பதே ஓர் எண்ணால்தான். 1981-இல் வகுத்த விதிப்படி ஒவ்வொரு தரவுப் பொட்டலமும் தன் ஆயுளைச் சுமந்து கிளம்புகிறது, உச்சம் 255. ஒவ்வொரு ரூட்டரும் ஒன்றைக் கழிக்கும். பூச்சியமானால் பொட்டலத்தைக் கைவிட்டு அனுப்பியவருக்குச் சொல்லும். வேன் ஜேக்கப்சன் 1987-இல் ஆயுளை 1, 2, 3 என்று வேண்டுமென்றே குறைத்து அனுப்பி, வழியிலுள்ள ரூட்டர்களைப் பேசவைத்தார்.

ஆயுள் எதற்கு? தோட்டத்தில் கிராணி “கங்காணியைப் பார்” என்பார், கங்காணி “கிராணியைப் பார்” என்பார். நடுவில் ஆள் அலைவார். கேபிள் அறுந்த செய்தி பரவும் சில விநாடிகளில் ரூட்டர்களும் அப்படித்தான். ஆயுள் தீர்வதால்தான் பொட்டலத்தின் அலைச்சல் முடிகிறது. திரையில் இரண்டே முகவரிகள் மாறிமாறி 30-ஆவது வரிவரை வந்தால் அதுதான் சுழல். கண்ணில் பட்டால் மூடிவிடாதீர்கள், அரிய காட்சி.

நான் மனம் தோய்ந்து நிற்பது இதற்கு அடுத்த இடத்தில். தொண்ணூறுகளில் வேகத்துக்காகப் பொட்டலத்தின்மேல் சிறு சீட்டு ஒட்டி, சீட்டை மட்டும் பார்த்துத் தள்ளிவிடும் முறை வந்தது. அடியில் ஏடிஎம் என்ற வலைத் தொழில்நுட்பத்தின் சுவிட்ச் இருந்தால் சிக்கல்: அதன் 53 பைட் துண்டில் ஆயுளுக்கு இடமில்லை. ஆகவே வழி அமைக்கும்போதே காவல் போட்டார்கள். அமைப்புச் செய்தி தான் கடக்கும் ரூட்டர்களின் அடையாளங்களைச் சேர்த்துக்கொண்டே போகும். தன் அடையாளத்தையே அதில் காணும் ரூட்டர் வழியை மறுத்துவிடும். நிறுவனங்களுக்கு இடையே வழிசொல்லும் பிஜிபியும் 1989 முதல் நம்பியிருப்பது இந்த யோசனையைத்தான். மற்ற இணைப்புகளுக்கு 2001-இல் எம்பிஎல்எஸ் என்ற பெயரில் உறுதியான இந்தச் சீட்டில் மொத்தமே 32 பிட். அதில் 8 பிட் ஆயுளுக்கு. வேகத்துக்கென்று பிறந்த ஒன்று தன் உடம்பில் கால் பங்கைப் பாதுகாப்புக்குத் தந்திருக்கிறது. எனக்கு இது பேரழகு.

சில நிறுவனங்கள் சீட்டுப் பாதையை வெளியே காட்டுவதில்லை. டிரேசர்ட்டில் ஒரே வரியில் கடல் தாண்டினால் இதுவும் காரணமாக இருக்கலாம். உள்ளே சீட்டின் ஆயுள் எண் குறைந்துகொண்டுதான் இருக்கும்.

அலுவலகத்து ஈதர்நெட்டில் இந்த எண்ணே கிடையாது. சுழல் விழுந்தால் பொட்டலங்கள் பெருகி வலையே முடங்கும். அதற்கு ரேடியா பெர்ல்மன் 1985-இல் கண்ட வழி, உபரிக் கேபிளை சுவிட்சே அடைத்துவைப்பது. வேறொன்று அறுந்தால் அது தானாகத் திறக்கும். பழைய முறையில் அதற்கு 30 முதல் 50 விநாடி பிடிக்கும்.