ஆறங்குல வீரனின் ஆயுதக்கூடம்

ஆறங்குல உயரப் பொம்மை வீரனுக்குத் தூண்டில் கோல் வேண்டுமென்றால் ஈர்க்குச்சியை மிஞ்ச எதுவும் கிடையாது. அடியில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் பருமன், நுனியில் தலைமுடிக்குச் சற்றுக் கூடுதல். இடையில் முட்டு முடிச்சு எதுவும் இல்லாமல் ஒரே சீராகச் சன்னமாகிக்கொண்டே போகும். நுனியில் நூலைக் கட்டி இழுத்துப் பாருங்கள். மீன் மாட்டிய கோல் எப்படி வளையுமோ அப்படியே, நுனிப்பக்கம் அதிகமாகவும் அடிப்பக்கம் குறைவாகவும் வளையும். இந்தச் சரிவை மூங்கிலில் கையால் சீவிக் கொண்டுவர முயன்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். தென்னை ஓலை அந்த வேலையை முன்கூட்டியே முடித்து நம் துடைப்பக்கட்டில் வைத்திருக்கிறது.

ஆக்‌ஷன் ஃபிகர் எனும் இத்தகைய பொம்மைகளைச் சேர்ப்பவர்களில் ஒரு சாரார் பெட்டியைப் பிரிக்காமலே அலமாரியில் அடுக்குவார்கள். இன்னொரு சாரார் பிரித்த அன்றே, பொம்மையோடு வந்த துப்பாக்கியையும் வாளையும் ஓரமாக வைத்துவிட்டு, அதன் வெறுங்கையைப் பார்த்து யோசிக்கத் தொடங்குவார்கள். எனக்குப் பிடித்தவர்கள் இந்த இரண்டாவது சாரார். பேனா ரீஃபில், மாத்திரை அட்டை, குளிர்பான டின், ஜிப்பின் பல், பிய்ந்த தோட்டின் சங்கிலி என்று வீட்டில் கழித்துப் போட்டவற்றிலிருந்து விளக்கும் கேடயமும் முதுகுப்பையும் செய்வது அவர்கள் வேலை. சிக்கனத்துக்காகச் செய்வதாகத்தான் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஆனால் அந்தக் கலையின் சரக்கு முழுவதும் அளவில் இருக்கிறது.

ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1964-ல் ஜி.ஐ. ஜோ என்ற போர்வீரப் பொம்மையை வெளியிட்டபோது அது கிட்டத்தட்ட 12 அங்குல உயரம். மனிதனில் ஆறில் ஒரு பங்கு. 1982-ல் அதே ஜோ மூன்றேமுக்கால் அங்குலமாகச் சுருங்கித் திரும்பி வந்தார். அது பதினெட்டில் ஒரு பங்கு. இன்று பெரும்பாலான சேகரிப்பாளர்கள் கையில் இருப்பது இரண்டுக்கும் நடுவே உள்ள ஆறங்குலப் பொம்மை. பன்னிரண்டில் ஒரு பங்கு என்பதால் கணக்கு எளிது: நம் உலகின் ஓர் அடி அங்கே ஓர் அங்குலம். இந்த ஒரு கணக்கு மனத்தில் ஏறிவிட்டால் வீடே வேறு மாதிரி தெரியத் தொடங்கும். காது குடையும் பஞ்சுக்குச்சியின் தண்டு இரண்டரை மில்லிமீட்டர். பன்னிரண்டால் பெருக்கினால் 30 மில்லிமீட்டர், அதாவது கை நிறையப் பிடிக்கும் ஈட்டிக் காம்பு. நிஜ அம்பின் தண்டு சுமார் 8 மில்லிமீட்டர். அதைப் பன்னிரண்டால் வகுத்தால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பூந்துடைப்பத்திலிருந்து உதிரும் மெல்லிய காம்பில் அந்த அளவு கிடைக்கும். பல் குத்தும் குச்சியை அம்பென்று தூணியில் செருகிவைப்பவர்கள் உண்டு. பார்த்தால் வீரன் விறகு சுமப்பதாகத் தோன்றும்.

அளவு புரிந்த பிறகு அடுத்த அதிர்ச்சி காத்திருக்கிறது: நிஜப் பொருள் நிஜமாகத் தெரியாது. பொம்மையின் இடுப்புவாருக்கு அசல் தோல்தானே சரி என்று பழைய பர்ஸிலிருந்து ஒரு கீற்றை வெட்டிக் கட்டினால், யானைத்தோலைச் சுற்றியதுபோல் நிற்கும். மாட்டுத்தோலின் துளையும் சுருக்கமும் பொம்மைக்காகச் சிறுப்பதில்லை. மாஸ்கிங் டேப்பை மெல்லிய பட்டையாக வெட்டி, பழுப்பு நிறம் பூசி, இரண்டு முறை கசக்கி விரித்துவிட்டால் அதுதான் வருடக்கணக்கில் வியர்வை குடித்த தோல்வாராகத் தெரியும். துணியும் இப்படித்தான். சன்னமான பருத்தியின் இழைகூட இந்த அளவில் கோணிச்சாக்கு. அது போக, மேலங்கி தன் கனத்தால் தோளிலிருந்து சரிந்து விழ வேண்டும். சிறு துண்டுத் துணிக்கு அந்தக் கனம் கிடையாது. குடைபோல விறைத்து நிற்கும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் விளிம்பை மடித்து உள்ளே மெல்லிய கம்பியை ஓட்டி, மடிப்புகளைக் கையால் வளைத்து வைப்பார்கள். டிஷ்யூ பேப்பரை நீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்துப் போர்த்தி உலரவிடுவது அதைவிடப் பழைய வித்தை. சுருட்டிய போர்வைக்கும் கூடாரத்துணிக்கும் இன்றுவரை அதற்கு ஈடில்லை.

இங்கிலாந்தின் வின்ட்ஸர் அரண்மனையில் அரசி மேரியின் பொம்மை வீடு இருக்கிறது. கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ் வடிவமைப்பில் 1924-ல் முடிந்தது. அதுவும் பன்னிரண்டில் ஒரு பங்குதான். அங்கே குழாயில் நிஜத் தண்ணீர் வரும், சீசாக்களில் நிஜ ஒயின் இருக்கிறது. உலகின் தேர்ந்த கைவினைஞர்கள் கூடிச் செய்த அற்புதம் அது, மறுப்பேயில்லை. ஆனாலும் தண்ணீர்த் துளிக்குச் சுருங்கத் தெரியாது. அந்தக் குழாயடியில் சொட்டும் ஒரு துளி, அந்த வீட்டுக்காரருக்கு மாம்பழம் அளவு. செலவைப் பார்க்காமல் எல்லாவற்றையும் அசலாகவே வைத்த அந்த வீட்டைவிட, கண்ணுக்கு எது எப்படித் தெரியும் என்பதை மட்டும் பார்த்துக் குப்பையிலிருந்து பொறுக்கியவர் சில இடங்களில் மெய்க்கு அருகே போய்விடுகிறார். நான் இந்தக் கலையை மதிப்பதற்குத் தலையாய காரணம் இதுவே.

வீட்டுக் குப்பைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அதற்குள் எந்தக் கையாலும் எட்ட முடியாத துல்லியம் ஒளிந்திருக்கிறது. பால்பாயிண்ட் பேனாவின் முனையை உற்றுப் பாருங்கள். பித்தளையைக் கடைந்து, படிப்படியாகக் குறுக்கி, முனையில் ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய உருண்டையைப் பதித்திருக்கிறார்கள். மை தீர்ந்தால் நாம் எறிந்துவிடுகிறோம். அதை வெட்டி ஒரு பிடியில் செருகினால் அது விண்வெளி வீரனின் கருவி. பேனாவின் ஸ்பிரிங்குக்குள் ஒரு கம்பியை ஓட்டி வளைத்தால் மூச்சுக்குழாய். மாத்திரை அட்டையின் குமிழ்கள் ஒவ்வொன்றும் அப்பழுக்கில்லாத கண்ணாடி. அரிக்கேன் விளக்குக்கும் தலைக்கவசத்தின் முகமறைப்புக்கும் பொருந்தும். மாத்திரைக்கு மாத்திரை குமிழின் வடிவம் வேறு என்பதால், இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர் வீட்டில் காலி அட்டைகள் ஒரு டப்பாவில் சேரத் தொடங்கும்.

குளிர்பான டின்னை நான் இவை எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். அதன் பக்கச்சுவரின் கனம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். பன்னிரண்டால் பெருக்கினால் ஒன்றேகால் மில்லிமீட்டருக்கு நெருக்கம். ஐரோப்பிய வீரர்கள் அணிந்த எஃகுக் கவசத்தின் மெல்லிய பகுதிகளும் கிட்டத்தட்ட அந்தக் கனம்தான். கத்தரியால் வெட்டி, ஸ்பூனின் பின்புறத்தால் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் குழிந்து வரும். விளிம்பு விரலைக் கிழிக்கும் என்பதால் ஒரு சுற்று மடித்துவிட வேண்டும். அந்த மடிப்பே, நிஜக் கவசங்களில் கொல்லர் உருட்டிவிடும் விளிம்பாகவும் அமைந்துவிடுகிறது. குண்டூசியின் தலையை மட்டும் வெட்டி வரிசையாக ஒட்டினால் ஆணிக்குமிழ்கள்.

ஒட்டுவதற்கு ஃபெவிக்விக், இடைவெளி நிரப்ப ஆப்ப சோடா. பசையின் மேல் சோடா மாவைத் தூவிய அந்தக் கணமே கல்லாக இறுகிவிடும். பிறகு எமரி பேப்பரால் தேய்த்து வடிவம் கொடுக்கலாம். கண்ணாடிபோன்ற பாகங்களில் மட்டும் ஃபெவிக்விக்கைத் தொடக் கூடாது, அதன் ஆவி வெள்ளையாகப் படிந்துவிடும். அங்கே ஃபெவிகால் போதும்.

செய்த பொருள் கைக்குள் நிற்க வேண்டுமே. ஆறங்குலப் பொம்மைகளின் மூடிய கையில் பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் பருமனில் ஒரு காம்பு நுழையும். அதற்கு மேல் திணித்தால் விரல் விரியும் அல்லது முறியும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபன்ஸ்கூல் உரிமம் பெற்று இங்கே விற்ற ஜி.ஐ. ஜோக்களுடன் வளர்ந்தவர்களுக்கு இந்த வலி தெரியும். பருத்த பிடியுள்ள துப்பாக்கியை அழுத்தியதில் கட்டைவிரலை இழந்த ஜோக்கள் எத்தனையோ. கையை அரை நிமிடம் சுடுநீரில் காட்டினால் பிளாஸ்டிக் இளகி வழிவிடும். அந்த ஜோக்களின் இடுப்புக்குள் உடலையும் காலையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். வருடங்கள் போனால் அது இற்று, வீரன் இரண்டாகப் பிரிந்துவிடுவார். சரியான அளவில் ஒரு ரப்பர் வளையம் ஹார்டுவேர் கடையில் கிடைத்துவிட்டால், இரண்டு தலைமுறை பழைய வீரன் எழுந்து நிற்பார்.

இந்த வேலையைச் சிறுபிள்ளைத்தனம் என்பவர்களுக்கு நான் ரோஜர் கிறிஸ்டியனைக் காட்டுவேன். முதல் ஸ்டார் வார்ஸ் படத்துக்கு அரங்கப் பொருள்கள் தேடியவர். பணம் குறைவு. நாயகன் லூக்கின் ஒளிவாளுக்கு அவர் எடுத்தது, பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் பயன்படுத்திய கிராஃப்ளெக்ஸ் கேமராவின் ஃபிளாஷ் கைப்பிடி. லண்டனில் ஒரு புகைப்படக் கருவிக் கடையில் கிடைத்தது. பிடிமானத்துக்கு ரப்பர் பட்டைகளையும், பழைய கால்குலேட்டரின் எண்திரையிலிருந்த குமிழ்க்கண்ணாடியையும் ஒட்டினார். உலகின் மிகப் புகழ்பெற்ற ஆயுதங்களில் ஒன்று அப்படிப் பிறந்தது. அந்தப் படத்தின் கலையமைப்புக்கு ஆஸ்கர் பெற்றவர்களில் அவரும் ஒருவர். அதே வரிசையில் 1999-ல் வந்த படத்தில் ஜெடாய் குரு பேசும் தொடர்புக்கருவி, பெண்களுக்கான ஜில்லெட் ரேஸரின் கைப்பிடியை வார்த்தெடுத்தது. 1980-ல் வந்த படத்தில் மேகநகரத்தை விட்டு ஓடும் கூட்டத்தில் ஒருவர் ஐஸ்கிரீம் செய்யும் இயந்திரத்தை அணைத்துக்கொண்டு ஓடுவார். பின்னாளில் ஹாஸ்ப்ரோ அந்த ஆளுக்கும் பொம்மை வெளியிட்டது. கையில் என்ன இருந்தது தெரியுமா? அதே ஐஸ்கிரீம் இயந்திரம்! ஆகவே ஒளிவாளைப் பேனா மூடியில் செய்பவர் மூலத்தின் வழியிலேயே போகிறார்.

கலைஞர் அலெக்ஸாண்டர் கால்டர் 1926 முதல் சில ஆண்டுகள் பாரிஸில் ஒரு சர்க்கஸ் செய்தார். கம்பி, தக்கை, துணி, பொத்தான், பாட்டில் மூடி ஆகியவற்றில் சின்னச் சின்ன வித்தைக்காரர்கள். பெட்டிகளில் தூக்கிக்கொண்டு போய் நண்பர்கள் முன்னால் கையால் ஆட்டி நடத்துவார். இன்று அது நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் தக்கை தக்கையாகவே தெரியும், மூடி மூடியாகவே தெரியும். மறைக்க அவர் முயலவேயில்லை. ஆக்‌ஷன் ஃபிகர்காரர்களின் வழி நேர் எதிர். எனக்கு இரண்டும் உவப்பானவை. ஆனால் உச்சம் என்று நான் நினைப்பது இரண்டுக்கும் இடைப்பட்ட ஒன்றை. முதல் பார்வையில் அது சந்தேகத்துக்கு இடமில்லாமல் எண்ணெய் விளக்கு. சற்று நேரம் கழித்து, மேல்வளையம் சோடா பாட்டிலின் மூடியிலிருந்து வந்தது என்று கண்டுகொள்கிறோம். கண்டுகொண்ட பிறகும் விளக்கு விளக்காகவே நிற்கிறது. மூடி என்று தெரிந்ததும் விளக்கு மறைந்துபோனால் அந்த வேலை இன்னும் முடியவில்லை.

வண்ணத்தில்தான் பலர் கெடுக்கிறார்கள். கரி, துரு, ரத்தம் என்று அள்ளிப் பூசிவிடுவார்கள். பொருள் தேய்வது கை படும் இடத்திலும் தரையில் உரசும் இடத்திலும்தான். கோடரியின் காம்பில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் மெருகு ஏறும், அலகின் ஓரம் மட்டும் வெளுக்கும். பென்சில் கரியைத் தூளாக்கி, கறுப்படித்த பிளாஸ்டிக்கின் விளிம்பில் விரலால் தேய்த்தால் வரும் இரும்பின் மினுக்கத்தை எந்த வெள்ளிப் பெயின்டும் தராது. துணிக்கு ஆறிய டீ டிக்காஷன். மிருதுவான பொம்மைப் பிளாஸ்டிக்கில் எனாமல் பெயின்ட் அடித்தால் மாதக்கணக்கில் பிசுபிசுக்கும். அக்ரிலிக் அடித்தால் ஒழுங்காக உலரும்.

எல்லாம் முடிந்து கோடரியைக் கையில் கொடுத்த பிறகு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. அதைச் செய்யாமல் விடுபவர்கள்தான் அதிகம். அந்தக் கோடரி ஒரு கிராம்கூட இருக்காது, பொம்மைக்கு அது தெரியக் கூடாது. நீட்டிய கையில் குச்சியைப் பிடிப்பதுபோல் நிறுத்தினால் இத்தனை உழைப்பும் வெறும் டின் தகடாகிவிடும். முழங்கையை உடலோடு ஒட்டுங்கள். மணிக்கட்டைச் சற்றுக் கீழே தாழ்த்துங்கள். கோடரி இருக்கும் பக்கத்துத் தோளை இறக்கி, இடுப்பை எதிர்ப்பக்கம் ஒரு நூலிழை தள்ளுங்கள். எதிர்க்காலில் உடல் ஊன்றட்டும். இப்போது கோடரிக்கு மூன்று கிலோ கனம் வந்திருக்கும்.