வலது மேலே நல்லவர், வலது கீழே முரடர்

2007 நவம்பரில் வந்த மாஸ் எஃபெக்ட் விளையாட்டில், எதிரே நிற்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே திரையின் அடியில் ஒரு சக்கரம் தோன்றும். அதன் வலப்பக்கத்தில் மூன்று விடைகள். மேலே உள்ளதைத் தொட்டால் நம் நாயகன் (அல்லது நாயகி) கமாண்டர் ஷெப்பர்ட் பெருந்தன்மையாகப் பேசுவார். நடுவில் உள்ளது பட்டும் படாமலும். கீழே உள்ளது எடுத்தெறிந்து பேசுவது. இடப்பக்கம் போனால் கதை நகராது. துருவித் துருவிக் கேட்பதற்கான இடம் அது. நயந்து பேசி வழிக்குக் கொண்டுவரும் வரி இடது மேலே நீலத்தில் இருக்கும். மிரட்டிக் காரியம் சாதிக்கும் வரி இடது கீழே சிவப்பில். கொஞ்ச நேரம் ஆடினால் போதும், வரியைப் படிக்காமலே கட்டைவிரல் உரிய திசைக்குப் போய்விடும். எதிராளி வாயை மூடும் முன்பே நாம் விடையைத் தேர்ந்துவிட்டால், இருவர் பேச்சும் இடைவெளி விழாமல் சினிமாவில் வருவதுபோல ஓடும்.

இந்த ஏற்பாட்டுக்கு அமெரிக்கக் காப்புரிமை உண்டு. எண் 8,082,499. விளையாட்டு கடைக்கு வரும் முன்பே, 2007இல் விண்ணப்பம் போய்விட்டது. 2011 டிசம்பர் 20 அன்று உரிமை வழங்கப்பட்டபோது, அதை உருவாக்கிய கனடாவின் பயோவேர் நிறுவனம் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் (ஈ.ஏ.) நிறுவனத்தின் கைக்கு மாறியிருந்தது. (பயோவேரின் இணையவழி விளையாட்டான ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக் வெளியானதும் அதே நாளில்தான். தற்செயல் என்றே நினைக்கிறேன்.) வட்டமாக ஒரு பட்டியல் போட்டதற்கு மட்டும் அவர்கள் உரிமை கேட்கவில்லை. விடைகளை வகை பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் சக்கரத்தில் ஒரு திசையை ஒதுக்கி, எந்த உரையாடலிலும் அந்த வகை அந்தத் திசையிலேயே இருக்கும்படி செய்வதுதான் அதன் உயிர்.

பயோவேரின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. 2003இல் அவர்களே செய்த நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்கில் நாயகனுக்குக் குரல் கிடையாது. விடைகள் முழு வாக்கியங்களாக ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். நாம் படித்துத் தேர்ந்தால் அது பேசியதாகக் கணக்கு. மாஸ் எஃபெக்டில் நாயகனுக்கே குரல் நடிகர்களை அமர்த்தினார்கள். உடனே ஒரு சிக்கல் முளைத்தது. முழு வாக்கியத்தைப் படித்துத் தேர்ந்தபின் அதே வாக்கியத்தை அவர் வாயாலும் கேட்பது சலிப்பு. படித்து முடிக்கும்வரை எதிராளி மரம்போல் நிற்பது அதைவிடச் சலிப்பு. சக்கரம் இந்த இரண்டையும் ஒரே அடியில் தீர்த்தது. இரண்டு மூன்று சொல்லில் சுருக்கம், திசையில் தொனி. இது உண்மையான கண்டுபிடிப்பு. இதை நகலெடுக்காமல் தடுக்கப் பதிப்புரிமையும் உதவாது. பதிப்புரிமை வசனத்தையும் ஓவியத்தையும் இசையையும் காக்கும். விளையாட்டின் விதியையோ இயங்கும் முறையையோ காக்காது. எனவே காப்புரிமை அலுவலகத்தின் கதவைத் தட்டியதை வெறும் பேராசை என்று தள்ளிவிட முடியாது.

இதன் உறுப்புகள் எல்லாம் பழையவை என்ற வாதம் இணைய விவாதங்களில் அடிக்கடி வரும். உண்மைதான். வட்டப் பட்டியலில் தேர்வது நேர்ப்பட்டியலைவிட வேகமானது என்று மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1988லேயே சோதித்துக் காட்டினார்கள். சீக்ரெட் ஆஃப் மானாவில் 1993இலும் தி சிம்ஸில் 2000இலும் வட்டப் பட்டியல் இருந்தது. பயோவேரே 2002இல் நெவர்விண்டர் நைட்ஸில் கட்டளைகளை வட்டமாக அடுக்கியது. 2006இல் வந்த ஆப்ளிவியனில் ஒருவரை வசப்படுத்த வேண்டுமென்றால் புகழ்ச்சி, பெருமையடிப்பு, நகைச்சுவை, மிரட்டல் என்று நான்காகப் பிரிந்த சக்கரமே வரும். ஆனாலும் இந்த வாதம் என்னை முழுதாக ஒப்பவைக்கவில்லை. பழைய உறுப்புகளைப் புதிதாகச் சேர்ப்பதுதான் பெரும்பாலான கண்டுபிடிப்புகளின் கதை. ஆப்ளிவியன் சக்கரத்தில் நாம் செய்வது பேச்சு அல்ல, ஒரு குட்டிப் புதிர். கதையின் வசனங்கள் அங்கேயும் பட்டியலாகத்தான் வரும். என் ஆட்சேபம் வேறு இடத்தில்.

காப்புரிமை ஒரு பேரம். கண்டுபிடித்தவர் தன் இரகசியத்தை ஊரறிய எழுதி வைக்கிறார். அதற்கு ஈடாக அரசு, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு, அவரைத் தவிர யாரும் அதைப் பயன்படுத்தக்கூடாது என்கிறது. கெடு முடிந்தபின் ஊருக்கு ஒரு புது அறிவு மிஞ்சும். இப்போது உரையாடல் சக்கரத்துக்கு வருவோம். அதில் இரகசியம் எது? விளையாட்டை வாங்கி ஐந்து நிமிடம் ஆடிய எவருக்கும் அதன் முழு இயக்கமும் கண்முன்னே விரிந்துவிடுகிறது. நல்ல நிரலாளர் ஒருவர் ஆவணத்தில் ஒரு வரி படிக்காமலே ஒரு வாரத்தில் அதைக் கட்டிவிடுவார். ஊருக்குக் கிடைப்பது கைப்பிடி வக்கீல் மொழி, கொடுப்பது 20 ஆண்டு. பேரத்தில் ஒரு தட்டு காலியாகவே இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான வழக்கு ஒன்றும் விளையாட்டு வசனத்தைச் சுற்றியே நடந்தது. பாத்திரம் பேசும்போது உதடு அசைவைக் குரலோடு பொருத்துவது ஒரு காலத்தில் அசைவூட்டக் கலைஞர்களின் கைவேலை. எந்த ஒலிக்கு எந்த வாய் வடிவம், அது எப்போது தொடங்கி எப்போது அடுத்ததில் கரைய வேண்டும் என்று கண்ணால் பார்த்துப் பார்த்துச் செதுக்குவார்கள். இதை ஒலிகளின் வரிசையையும் நேரத்தையும் கணக்கிட்டு, குறிப்பிட்ட விதிகளால் கணினியே செய்யும் முறைக்கு மெக்ரோ என்ற நிறுவனம் உரிமை வைத்திருந்தது. பண்டாய் நாம்கோ உள்ளிட்ட பல விளையாட்டு நிறுவனங்கள்மேல் வழக்குப் போட்டது. இது வெறும் அருவமான கருத்து என்று கலிஃபோர்னியா மாவட்ட நீதிமன்றம் 2014இல் உரிமையைத் தள்ளியது. 2016 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், இல்லை, இது ஒரு குறிப்பிட்ட தொழில்நுட்ப மேம்பாடு, உரிமைக்குத் தகுதி உண்டு என்று திருத்தியது. 2020இல் அதே நீதிமன்றம், பிரதிவாதிகள் அந்த முறையைப் பயன்படுத்தவே இல்லை என்ற முடிவை உறுதி செய்ததில் மெக்ரோவின் வெற்றி காகிதத்தோடு நின்றது. அது வேறு கதை. நமக்கு வேண்டியது இதுதான்: உதடு அசையும் விதிகள் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. திரையில் உதடுதான் தெரியும். அதை எழுதிக் கொடுத்தால் ஊருக்கு ஏதோ கிடைக்கிறது. சக்கரத்தில் அப்படி எதுவும் ஒளிந்திருக்கவில்லை.

இன்னொன்று இதைவிட முக்கியம். சக்கரத்தின் மதிப்பு அதன் வட்டத்தில் இல்லை, வழக்கத்தில் இருக்கிறது. வலது மேலே நல்லவர் என்று விரல் கற்றுக்கொள்வதுதான் அதன் பயன். கற்றது அடுத்த விளையாட்டிலும் செல்லுபடியானால் பயன் பெருகும். ஒரே நிறுவனத்தின் விளையாட்டுகளோடு நின்றால் சுருங்கும். காரில் கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர் வரிசை எல்லா நிறுவனத்துக்கும் பொது என்பதால்தான் ஒரு வண்டியில் பழகியவர் வேறு வண்டியைப் பயமின்றி எடுக்கிறார். அந்த வரிசைக்கு ஒருவர் உரிமை கோரியிருந்தால் அவருக்குச் சில ஆண்டு வருமானம் வந்திருக்கும், ஓட்டுநர்கள் எல்லோருக்கும் குழப்பம் வந்திருக்கும். தனியுரிமையாக்கினால் மதிப்புக் குறையும் பொருளுக்கே தனியுரிமை கேட்டதுதான் இந்தக் காப்புரிமையின் உள்முரண்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் குழப்பத்தின் வடிவம் புரியும். அப்சிடியன், 2010இல் வந்த ஆல்ஃபா புரோட்டோகாலில் கனிவு, கடுமை, தொழில்முறை நிதானம் என்று தொனிகளைப் பொத்தான்களுக்குப் பிரித்துக் கொடுத்து, கூடவே ஓடும் கடிகாரத்தையும் வைத்தது. பெதஸ்டா 2015இல் ஃபால்அவுட் 4இல் நான்கு விடைகளைக் கன்ட்ரோலரின் நான்கு பொத்தான்கள்மேல் சிலுவைபோல் வைத்தது. கீழே இணக்கம், வலது மறுப்பு, மேலே கேள்வி. ஒவ்வொரு உரையாடலையும் நான்கு விடைக்குள் அடைத்ததால் பேச வேண்டியதே இல்லாத இடத்திலும் நாலாவது விடையை எப்படியாவது நிரப்பினார்கள். ரசிகர்கள் கொதித்துப்போய், சுருக்கத்துக்குப் பதில் முழு வாக்கியத்தைக் காட்டும் மாட் ஒன்றைத் தாங்களே எழுதினார்கள். இந்த மாற்று வடிவங்கள் ஈ.ஏ.வின் உரிமைக்கு அஞ்சி வந்தவையா? அப்படிச் சொல்ல எந்தச் சான்றும் வெளியில் இல்லை. சொல்பவர்கள் ஊகிக்கிறார்கள். ஆனால் ஒரே சிக்கலுக்கு ஆளுக்கொரு திசை அட்டவணை வந்தது கண்கூடு.

உரிமையைக் காட்டி ஈ.ஏ. யாரையும் நீதிமன்றத்துக்கு இழுத்ததாகச் செய்தி இல்லை. பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் இவற்றைக் கேடயமாகவே சேர்த்து வைக்கின்றன. நீ என்மேல் வழக்குப் போட்டால் நானும் போடுவேன் என்பதற்காக. இரு பெரியவர்களுக்கு இடையில் இது நல்ல ஏற்பாடு. ஐந்து பேர் கடன் வாங்கி நடத்தும் ஸ்டுடியோவுக்கு இது நிழல். தெரிந்தே மீறினால் நட்ட ஈட்டை மூன்று மடங்குவரை உயர்த்த அமெரிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதனால் காப்புரிமை ஆவணங்களைப் படிக்காதீர்கள் என்று பொறியாளர்களுக்குச் சொல்லிவைப்பது பல நிறுவனங்களில் வழக்கம். ஊர் படித்துப் பயன்பெறவே எழுதப்பட்ட ஆவணத்தை ஊர் படிக்கப் பயப்படுகிறது. பேரத்தின் அந்தக் காலித் தட்டில் இருந்த கைப்பிடியும் இப்படிப் போயிற்று.

வழக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு பால்வேர்ல்டு என்ற விளையாட்டு சாட்சி. 2024 செப்டம்பரில் நின்டெண்டோவும் போகிமான் நிறுவனமும் அதன் தயாரிப்பாளரான பாக்கெட்பேர்மேல் டோக்கியோவில் காப்புரிமை வழக்குத் தொடுத்தன. தீர்ப்பு வரும் முன்பே, அதே ஆண்டு நவம்பரில், உருண்டையை வீசி உயிரினத்தை வரவழைக்கும் முறையை விளையாட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். வார்னர் பிரதர்ஸின் கதை இன்னும் வேதனையானது. ஷேடோ ஆஃப் மோர்டோரில் நம்மைக் கொன்ற எதிரி அதை நினைவில் வைத்து, பதவி உயர்ந்து, அடுத்தமுறை ஏளனம் செய்வான். 2014இல் வியந்து பார்த்த இந்த ஏற்பாட்டுக்கு 2021இல் உரிமை கிடைத்தது. 2025 பிப்ரவரியில் அதைப் படைத்த மோனோலித் ஸ்டுடியோவையே வார்னர் மூடிவிட்டது. படைத்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள், உரிமை முதலாளியிடம் தங்கிவிட்டது.

இன்று விண்ணப்பித்தால் சக்கரத்துக்கு உரிமை கிடைக்குமா என்பது ஐயம்தான். 2014இல் ஆலிஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அருவமான கருத்தைச் சாதாரணக் கணினியில் ஏற்றுவதால் மட்டும் அது கண்டுபிடிப்பு ஆகாது என்றபின் இத்தகைய உரிமைகளின் அடித்தளம் ஆடிப்போயிருக்கிறது. இந்தியாவில் இன்னும் கறார். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு கணினி நிரலை நிரல் என்ற அளவில் விலக்குகிறது. விளையாடும் முறையை விலக்குகிறது. தகவலை முன்வைக்கும் விதத்தையும் விலக்குகிறது. சக்கரம் இந்த மூன்றில் எதிலாவது மாட்டாமல் தப்புவது கடினம். ஆனால் கோவையிலோ சென்னையிலோ செய்த விளையாட்டானாலும் ஸ்டீம் இணையக் கடை வழியாக அமெரிக்காவில் விற்கும்போது அந்த நாட்டின் உரிமைகள் குறுக்கே வரும். நம் சட்டம் அங்கே துணைக்கு வராது.

இத்தனைக்கும் சக்கரத்தில் உண்மையில் கடினமான வேலை காப்புரிமையில் இல்லவே இல்லை. மூன்று சொல் சுருக்கம் ஆடுபவரை ஏமாற்றக்கூடாது, அதே சமயம் பின்னால் வரும் வசனத்தின் சுவையைக் கெடுக்கவும் கூடாது. இது எழுத்தாளரின் வேலை. தவறினால் என்ன ஆகும் என்பதை 2011இல் எல்.ஏ. நுவார் காட்டியது. 'சந்தேகம்' என்ற பொத்தானை அழுத்தினால் துப்பறிபவர் சாட்சிமேல் பாய்ந்து கத்துவார். லேசாகப் புருவம் உயர்த்துவார் என்று எண்ணியவர்கள் திகைத்தார்கள். 2017 மறுவெளியீட்டில் பொத்தான்களின் பெயர்களையே மாற்ற வேண்டியிருந்தது. மாஸ் எஃபெக்டும் இதில் அடிக்கடி சறுக்கியது. சாதாரணமாகத் தோன்றிய விடையைத் தொட்டால் ஷெப்பர்ட் நாம் நினைத்ததைவிட இரண்டு படி மேலே போய்ப் பேசிவிடுவார். டிராகன் ஏஜ் II, சக்கரத்தின் நடுவே தொனியைக் காட்டும் சின்னங்களைச் சேர்த்து இதைச் சமாளிக்கப் பார்த்தது. திசை வகுத்ததில் இன்னொரு விலையும் உண்டு. எது நல்ல விடை என்று எழுத்தாளர் முன்பே முடிவு கட்டிவிடுவதால், ஆடுபவர் சூழலை எடைபோடாமல் மூலையை எடைபோடுகிறார்.

இதற்குள் நல்ல எழுத்துள்ள ஆர்பிஜிகள் (பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகள்) சக்கரத்தையே விட்டு நகர்ந்துவிட்டன. 2019இல் டிஸ்கோ எலிசியம் திரையின் வலது ஓரத்தில் நீண்ட உரைப்பத்தியை ஓடவிட்டு, எண் போட்ட முழு வாக்கியங்களை அடியில் அடுக்கியது. 2023இல் பால்டர்ஸ் கேட் 3 பட்டியலுக்கே போயிற்று. ஃபால்அவுட் 4ஐச் செய்த அதே பெதஸ்டாவும் ஸ்டார்ஃபீல்டில் முழு வாக்கியப் பட்டியலுக்குத் திரும்பியது. சக்கரத்தின் உரிமையை வைத்திருக்கும் ஈ.ஏ.வோ, 2021 ஆகஸ்டில், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் ஐந்து காப்புரிமைகளைப் போட்டியாளர்களும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. மைக்கில் பேசாமலே கூட்டாளிக்குச் செய்தி சொல்ல ஏபெக்ஸ் லெஜண்ட்ஸில் உள்ள பிங் முறையும் அதில் உண்டு. நீண்ட வரிகளைப் படிக்கச் சிரமப்படுபவருக்கும் ஒற்றை விரலால் ஆடுபவருக்கும் திசை மாறாத சக்கரம் அதே அளவு உதவும். அந்த முதல் பட்டியலில் அது இடம்பெறவில்லை.