பெரட்டுக்கு முன் காற்றடிப்பு

பகாவ் பக்கத் தோட்டத்தில் குடியிருப்பவர்களுக்கு டயரில் காற்று பார்ப்பதே பெரிய வேலை. காற்று மெஷின் இருப்பது டவுனில், எண்ணெய் நிலையத்தில். செம்மண் பாதையைக் கடந்து, தார் ரோட்டில் பதினைந்து கிலோமீட்டர் ஓடி அங்கே போய் நிற்கும்போது டயர் சூடேறியிருக்கும். சூட்டில் அழுத்தம் ஏறி 3, 4 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதை நம்பி, இருக்கிற காற்றையும் திறந்துவிட்டுத் திரும்புகிறவர்கள் அதிகம். பல வருஷம் நானும் அப்படித்தான் செய்தேன்.

அதனால் கையடக்க மெஷின் ஒன்றை 130 வெள்ளிக்கு வாங்கி, மூன்று மாதம் பயன்படுத்திப் பார்த்தேன். தண்ணீர்ப் போத்தல் உயரம், உள்ளே பேட்டரி. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் என் காருக்கு 230 கேபிஏ என்று இருக்கிறது. அதாவது 33 பிஎஸ்ஐ. அந்த எண்ணை வைத்து அழுத்தினால் போதும், அளவு வந்ததும் தானாக நிற்கும். 27-இலிருந்து 33-க்கு ஏற மூன்று நிமிடம். மூன்றாவது டயருக்குள் மெஷின் கை வைக்க முடியாத அளவு சுடுகிறது, பத்து நிமிடம் ஆறவிட வேண்டும். சத்தமும் அதிகம். காலை பெரட்டுக்கு ஆட்கள் கிளம்பும் நேரத்தில் அடித்தால் டயரும் ஆறியிருக்கும், யார் தூக்கமும் கெடாது. தனி அளவுமானியில் பார்த்தபோது மெஷின் 1 பிஎஸ்ஐ கூட்டிக் காட்டியது. இப்போது 34 வைத்து அடிக்கிறேன்.

எண்ணெய் எவ்வளவு மிச்சம்? நான்கு டயரிலும் சராசரியாக 1 பிஎஸ்ஐ குறைந்தால் லிட்டருக்கு ஓடும் தூரம் சுமார் 0.2 விழுக்காடு குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. 6 பிஎஸ்ஐ குறைவாக ஓடிய என் காருக்கு அது 1.2 விழுக்காடு. மாதம் 120 லிட்டர் ஊற்றுகிறேன். மிச்சம் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். 2025 செப்டம்பர் 30 முதல் நமக்குக் கிடைக்கும் பூடி95 விலையில், லிட்டர் 1.99 வெள்ளிக்கு, மூன்று வெள்ளிகூட இல்லை. எண்ணெயை மட்டும் பார்த்தால் மெஷின் காசு திரும்ப நான்கு வருஷம் ஆகும்.

ஆனால் தோட்டத்துக் காரில் பெரிய பணம் போவது டயரில்தான். காற்றுக் குறைந்த டயர் இரண்டு ஓரமும் தேய்ந்து, நடுவில் ரப்பர் இருக்கும்போதே மாற்றவேண்டி வரும். அதைவிட முக்கியமான ஒன்று இரண்டாம் மாதம் தெரிந்தது. பின்பக்க இடது டயர் மட்டும் வாரத்துக்கு 4 பிஎஸ்ஐ இறங்கியது. பார்வைக்கு ஒன்றுமில்லை. சோப்புத் தண்ணீர் தடவியதும் பள்ளத்துக்குள் ஓர் இடத்தில் குமிழி கிளம்பியது: செம்பனை மட்டை முள், ஒடிந்து உள்ளே நிற்கிறது, கறுத்த நுனி மட்டும் தெரிகிறது. குலை லோரி ஓட்டும் பக்கத்து வீட்டு அண்ணன் குனிந்து பார்த்தார். “தம்பி, இப்பப் புடுங்காத. கடையில ஒட்டுப் போடற வரைக்கும் அது அங்கியே இருக்கட்டும்.” காற்றடித்து மெதுவாக ஓட்டிப் போய் ஒட்டினேன். அது தெரியாமல் போயிருந்தால், அந்த வாரம் பிள்ளைகளோடு புக்கிட் பூத்துஸ் ஏறி சிரம்பான் போயிருப்பேன்.

வாங்குவதாக இருந்தால் குழாய் முனை பித்தளைத் திருகாக இருக்கட்டும். பிளாஸ்டிக் முனை செம்மண் தூளில் சீக்கிரம் தேய்கிறது. மாட்டும் முன் வால்வு வாயைத் துணியால் துடையுங்கள், அடித்து முடித்ததும் மூடியைப் போடுங்கள்.